பற்றவைப்பவனின் கழுத்து

முப்பத்தோரு வருடம்
கிடினியா கப்பல் தளத்தில்
ஒளி உள்ளே வந்துவிடாதிருக்க முகமூடி போட்டேன்.
இப்போது ஒளி தப்பாமல் உள்ளே வர
ஒன்று போடுகிறார்கள்.

வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலை.
முடிதிருத்தும் கடையின் சூட்டுத்துண்டு போல
முதலில் இதமாகத்தான் இருந்தது.
பிறகு ஆறியது. என் மூக்கை,
ஒருமுறை உடைந்து கோணலாய்ச் சேர்ந்த தாடையை
அப்படியே மனப்பாடம் செய்துகொண்டது.
நெற்றியில் ஒட்டுத்தாள்: கிரெஃப்ட், போகுமிவ். குரல்வளை.
முப்பத்துமூன்று தடவை.

"எச்சில் விழுங்கிவிடாதீர்கள்" என்கிறாள் கிங்கா.
சொன்ன உடனே வாயெல்லாம் எச்சில்.
முகத்தை மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறாள்,
டக், டக், ஐந்து கொக்கிகள்.
சுவரிலிருந்து ஒரு பச்சைக் கோடு இறங்கி
என்னை நடுவாக வகிர்கிறது.
பிறகு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள்.

இப்படிப் போவது எனக்குத் தெரியும்.

இரவு ஷிப்ட் முடிந்ததும் பியோன்கே வருவான்,
ஈயப் பெட்டியில் தன் கதிரோடு.
கப்பல் வயிற்றில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.
கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு,
நாங்கள் வைத்த பற்றுகளைப் படம் பிடிப்பான்.
நாங்கள் துறை ஓரம் நின்று சிகரெட் பிடிப்போம்
(ஆமாம், சிகரெட். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்).
விடிந்ததும் பிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்குவான்:
இங்கே குமிழி. இங்கே விரிசல்.
சுரண்டி எடு, மறுபடி வை.
அவன் வாயில் நல்ல வார்த்தை வந்ததே இல்லை.
ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிலிமை எடுத்தால்
அதுதான் பாராட்டு.

இப்போது நான் இரும்பு.
ஏதோ ஒன்று முனகிக்கொண்டு தலையைச் சுற்றுகிறது.
பொறி இல்லை, புகை இல்லை, சூடுகூட இல்லை.
இதெல்லாம் ஒரு வேலையா என்று
முதல் வாரம் நினைத்தேன்.
மூன்றாம் வாரம் புரிந்தது.
ரொட்டி மரத்தூள். காபி துரு.
வெயிலில் நின்ற படகின் வண்ணம் போல
கழுத்து செதில் செதிலாக.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
உர்சுலா பீட்ரூட் சூப் வைத்தாள்.
ஸ்பூனைப் பிடித்தபடி
அது சிவப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவளும் குடிக்கவில்லை.
கார்ப் மீனை யார் வாங்கச் சொன்னது என்று சண்டை போட்டோம்,
அவள் உரக்க,
நான் காகிதத்தில்.

பத்தொன்பதாம் நாள் எந்திரம் படுத்துவிட்டது.
வார்சாவிலிருந்து ஆள் வரவேண்டுமாம்.
தாழ்வாரத்தில் பதினோரு பேர், கோட்டைக் கழற்றாமல்.
"எங்கே விட்டிருக்கிறது என்று காட்டுங்கள்,
பற்றவைத்துத் தருகிறேன்" என்று எழுதி நீட்டினேன்.
கிங்கா சிரித்தாள்.
எனக்கு முன் முறைக்காரி, டிராம் ஓட்டும் ஸ்டெஃபானியாவும்
சிரித்தாள், சிரித்துக்கொண்டே
தலைத்துணியின் முனையை வாயில் பொத்திக்கொண்டாள்.
ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்?
யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள் கிங்கா கேட்டாள்,
எடுத்துப்போகிறீர்களா, குப்பையில் போடவா?
எடுத்துக்கொண்டேன். பேருந்தில் மடிமேல் வைத்திருந்தேன்,
எதிரே இருந்த பையன் கண்ணெடுக்கவில்லை.
ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத் துண்டில்
ஸ்ட்ராபெர்ரிச் செடி மேல் கவிழ்த்திருக்கிறேன்.
உர்சுலா அந்தப் பாத்திக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற மாட்டாள்.
கரும்பறவை ஒன்று என் மூக்கின் மேல் நின்று
உள்ளே எட்டிப் பார்க்கிறது.
செடி இன்னும் பூக்கவில்லை.

இது ஏப்ரல். டாக்டர் திரையைப் பார்க்கிறார்.
மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பியோன்கே, நீ இருந்தால் சொல்வாய்,
இது உன் மௌனமா
வேறா.